சோப் ஆயில் கேனும் நான்காவது அட்டையும்

நூலகர்கள் சேர்ந்து ஒரு மலர் கொண்டுவருகிறார்கள். நம் துறையின் முன்னோடியைப் பற்றி நானும் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். நான் அவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நூலகப் படிப்பில் சேர்ந்தபோதே அவர் எங்களுக்குச் சுவரில் மாட்டிய படம்தான். கூட்டம் நடந்தால் அந்தப் படத்துக்கு மாலை போடுவோம், அவர் பெருமையைப் பேசுவோம், போண்டா சாப்பிட்டுக் கலைவோம். அவர் வாழ்க்கையை எழுத என்னைவிட விவரமானவர்கள் இருக்கிறார்கள். அவரால் எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் மட்டும் என்னிடம் ஒரு பதில் உண்டு. ஒரு பெண்ணின் வலது கை கிடைத்தது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் கல்லூரி நூலகரும் இல்லை, பொது நூலகரும் இல்லை. ஒரகடம் பக்கம் கார்களுக்கான அலுமினிய உதிரிபாகங்களை வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். தொழிற்சாலைக்கு எதற்கு நூலகம் என்று கேட்காத மனிதரே கிடையாது. மிஷின் கையேடுகள், சோதனை அறிக்கைகள், தர விதிகள், ரசாயனங்களின் பாதுகாப்புத் தாள்கள் எல்லாவற்றையும் யாராவது ஒருவர் அடுக்கி வைக்க வேண்டும், கேட்டால் எடுத்துத் தர வேண்டும். என் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் நான் அங்கே கணக்கு எழுதுகிறேன் என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் திருத்திப் பார்த்து அலுத்து விட்டுவிட்டேன்.

படிக்கும்போது அந்தப் பெரியவரின் வகைப்பாட்டு முறையை நெட்டுருப் போட்டேன். ஒரு விஷயத்தை ஒரே பெயரில் ஒரே பெட்டியில் போட்டு மூடாதே, முதலில் அதைப் பிரித்துப் போடு என்பது அதன் சாரம். எது, எதனால் ஆனது, அதற்கு என்ன செய்கிறார்கள், எங்கே, எப்போது என்று ஐந்து கேள்வி கேட்க வேண்டும். பதில்களை அதே வரிசையில் கோத்தால் அந்த விஷயத்துக்கு ஓர் எண் கிடைக்கும். அந்த எண்தான் அதன் இடம். பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினேன், தேறினேன், மறந்தேன். இதனால் யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று அந்த வயதில் வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

என்னை உருப்பட வைத்தவர் வேதநாயகம் சார். எங்கள் தொழிற்சாலையின் முதல் நூலகர். பெரியவரிடம் நேராகப் படித்த ஒருவரிடம் பயிற்சி எடுத்துக்கொண்டவர். ஒல்லி உடம்பு, எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, எப்போதும் உயராத குரல். கத்துகிற மேனேஜர்களைக்கூட நான் சமாளித்துவிடுவேன், இவரைச் சமாளிக்க முடியாது. ஒவ்வோர் அறிக்கைக்கும் எண் போட்டு நான் எழுதிய அட்டையைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைப்பேன். சரியாக இருந்தால் பெட்டியில் செருகுவார். தப்பாக இருந்தால் குப்புறத் திருப்பி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். குப்புறக் கிடக்கிற அட்டையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வார்ப்பில் விழும் விரிசலைப் பற்றிய ஓர் அறிக்கைக்கு நான் எண் போட்டுப் போட்டுக் கொண்டுபோக, அவர் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பொறுமை போய், "சார், இன்னும் என்னதான் சார் வேணும் இதுல?" என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"மரகதம், நீ மிஷின் கம்பெனி பேருல போட்டிருக்க. வார்ப்புல விரிசல் விழுந்து கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறவன் மிஷின் கம்பெனி பேரையா தேடிக்கிட்டு வருவான்? விரிசலைத் தேடிக்கிட்டு வருவான். அவன் எந்தக் கதவைத் தட்டுவானோ அங்க வை."

அவருடைய இன்னொரு கட்டளை, நூலகத்துக்கு வருபவரிடம் முதல் கேள்வியாகப் பெயரைக் கேட்கவே கூடாது என்பது. புத்தகத்தின் பெயர், அறிக்கையின் பெயர், பொருளின் பெயர் எதையும் கேட்கக் கூடாது. என்ன வேலை செய்கிறீர்கள், எதன்மேல் செய்கிறீர்கள், என்ன ஆயிற்று என்றுதான் தொடங்க வேண்டும். பெயர் கடைசியில். ஒரு நாள் ஒரு இன்ஜினியர் வந்து "அந்த நீல அட்டைப் புத்தகம்" வேண்டும் என்று நின்றார். சார் அவரை உட்கார வைத்து வேலையை விசாரித்தார். முடிவில் பச்சை அட்டைப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். இது நீலம் இல்லையே என்று இன்ஜினியர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அந்தப் பச்சைப் புத்தகத்தை அவரிடமிருந்து திரும்ப வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பாதுகாப்புத் தாள் விஷயத்தில் பர்ச்சேஸ் பிரிவோடு ஒரு சண்டையே நடந்தது. ஒரு ரசாயனத்தில் என்ன இருக்கிறது, உடம்பில் பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று விற்பவர் எழுதித் தரும் தாள் அது. விற்பவரின் பெயர் வாரியாக அடுக்கினால் போதும், தேடச் சுலபம் என்றார்கள் அவர்கள். சார் மறுத்துவிட்டார். இன்றைக்கு ஒருவரிடம் வாங்குவீர்கள், நாளைக்கு இன்னொருவரிடம் வாங்குவீர்கள், பெயர் மாறும், வேலை மாறாது என்று அதே உயராத குரலில் சொல்லி, எல்லாத் தாள்களையும் வேலை வாரியாகவே அடுக்க வைத்தார். அவர் ஓய்வு பெற்றபோது, அந்தத் தாள்களுக்கான அட்டைகள் நின்ற இழுப்பறைப் பெட்டி எனக்கு வந்தது. பிறகு எல்லாம் கணினிக்குப் போயிற்று. இந்தப் பெட்டியை மட்டும் நான் மேஜையை விட்டு நகர்த்த விடவில்லை. பிடிவாதம் என்றார்கள், ஆமாம் என்றேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். வாடிக்கையாளர் நிறுவனம் வந்து தொழிற்சாலையைச் சோதித்துப் பார்க்கும் ஆடிட் நெருங்கிக்கொண்டிருந்த வாரம். தொழிற்சாலை முழுக்கப் பெருக்குவதும் துடைப்பதும் பெயின்ட் அடிப்பதுமாக இருந்தது. வாசலில் விபத்தில்லாத நாள்களைக் காட்டும் பெரிய பலகைக்குக்கூடப் புது பெயின்ட். பகல் ஷிஃப்ட் முடியப்போகிற நேரத்தில் முதலுதவி அறையிலிருந்து ஆண் நர்ஸ் எனக்கு போன் செய்தார்.

"மேடம், சோப் ஆயிலோட சேஃப்டி ஷீட் ஒண்ணு அனுப்புங்க. ஃபைல்ல வைக்கணும்."

"யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல மேடம். கான்ட்ராக்ட்ல கிளீனிங் பண்ற அஞ்சலைன்னு ஒரு அம்மா. கான்ட்ராக்டர் வெச்ச கேன், மேல சோப் ஆயில்னு எழுதியிருக்கு. கிளவுஸ் கிழிஞ்சி கை நனைஞ்சிச்சாம். கழுவி விட்டுட்டேன். வலியும் இல்ல, கொப்புளமும் இல்ல."

சோப் ஆயில் தாள் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. எடுத்து அனுப்பியிருந்தால் என் வேலை அதோடு முடிந்திருக்கும். ஆனால் வாய் பழகிய பழக்கத்துக்குக் கேள்வியை ஆரம்பித்துவிட்டது.

"எதைச் சுத்தம் பண்ணிட்டு இருந்தாங்க?"

"மூணாவது ஷெட்ல வார்ப்பு மேல கறுப்பா கறை. ஆடிட்டுக்குப் பளபளன்னு ஆக்கணும்னு சொல்லிக்கிறாங்க."

"கறை போச்சா?"

"சூப்பரா போயிடுச்சாம் மேடம். ஊத்தின உடனே நுரைச்சி, புகை மாதிரி வந்து, வெள்ளை வெளேர்னு ஆயிடுச்சாம்."

சோப் ஆயில் என்பது எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவுகிற சாதாரணக் கரைசல். அது அலுமினியத்தின்மேல் நுரைக்காது, புகையாது, கறுப்பை வெள்ளையாக்காது. கேன்மேல் சோப் ஆயில் என்று எழுதியிருக்கிறது என்றால், ஒரு காலத்தில் அதற்குள் சோப் ஆயில் இருந்தது என்று மட்டும்தான் அர்த்தம். காலி கேனைத் தூக்கிப் போட நம் ஊரில் யாருக்கு மனசு வரும். கிடைத்ததில் கிடைத்ததை ஊற்றி வைப்பது எல்லா ஷெட்டிலும் நடக்கிற காரியம். அந்தக் கேனைக் கொண்டுவந்து வைத்தவர் கான்ட்ராக்டர். அதில் என்ன ஊற்றியிருந்தார் என்று கேட்க போன் போட்டால் எடுக்கவில்லை.

பெயர் தெரியாது. ஆனால் மற்றதெல்லாம் தெரியும். அலுமினிய வார்ப்பு, கறை நீக்கல். பெட்டியில் அந்த இடத்தைத் திறந்தேன். மூன்று அட்டைகள் அடுத்தடுத்து நின்றன. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்களிடம் வாங்கிய மூன்று சரக்கு. ஒன்றின் பெயரில் பளபளப்பு இருந்தது, ஒன்றின் பெயரில் வெண்மை இருந்தது, மூன்றாவதற்குப் பெயரே இல்லை, வெறும் எண். விற்பவர் பெயரில் அடுக்கியிருந்தால் மூன்றும் மூன்று மூலையில் கிடந்திருக்கும். பக்கத்துப் பக்கத்தில் நின்றதால் ஒரு விஷயம் கண்ணில் அறைந்தது. மூன்றிலும் இருந்தது ஒரே அமிலம், ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம்.

தாள்களை எடுத்துப் படித்தேன். கலங்கிப்போனேன். நீர்த்த நிலையில் இது தோலில் பட்டால் உடனே வலிக்காது. மணிக்கணக்கில் சும்மா இருக்கும். அதற்குள் தோலைத் தாண்டி உள்ளே இறங்கி எலும்புவரை அரிக்கத் தொடங்கும். வலி வரும்போது காலம் கடந்திருக்கும். கை போகலாம், அதிகம் பட்டிருந்தால் உயிரே போகலாம். வலி இல்லை என்று நர்ஸ் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட மோசமான சேதி.

திரும்ப போன் செய்து, அந்த அம்மாவை அனுப்பிவிடாதீர்கள் என்றேன். "ஷிஃப்ட் முடிஞ்சிடுச்சி மேடம், வேனுக்குப் போயிட்டாங்க" என்றார் நர்ஸ்.

நான் ஓடினேன். ஓடினேன் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. முட்டிவலிக்காரி எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு வேகமாக, கையில் மூன்று தாள்களோடு, வெயிலில் கேட்வரைக்கும் போனேன். கான்ட்ராக்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு வல்லக்கோட்டைக்கும் சேரப்பணஞ்சேரிக்கும் போகும் வேன் நகரத் தொடங்கியிருந்தது. முன்னால் போய் நின்றேன். டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார். நான் நகரவில்லை. சத்தம் கேட்டு ஷிஃப்ட் இன்சார்ஜ் தயாளன் வந்தார்.

தயாளன் கெட்டவர் இல்லை. அதே ஊர்ப்பக்கத்துக்காரர், கான்ட்ராக்டில் சேர்ந்து கஷ்டப்பட்டு மேலே வந்தவர். அதனாலேயே எதற்கும் பயப்படுவார்.

"இன்னா மேடம் இது, வண்டி முன்னாடி நின்னுக்கினு?"

சொன்னேன். தாளைக் காட்டினேன். அவர் வாங்கிப் பார்க்கவில்லை.

"அவங்களே வலி இல்லன்றாங்க. கேன்ல சோப் ஆயில்னு எழுதிக்கீது. நீங்க எதுவோ ஒரு ஷீட்டக் காட்றீங்க. அது இதுதான்னு உங்களால சொல்ல முடியுமா?"

"முடியாது."

"அப்பறம் இன்னா மேடம்? ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனா ஆக்சிடென்ட்டுன்னு எழுதணும். ஆடிட் நேரம். எனக்கும் குடும்பம் கீது."

"இது அதுவா இருக்கும்னுதான் தோணுது, தயாளன். இல்லன்னா நான் முட்டாளா நிக்கிறேன், எல்லாரும் சிரிங்க. அதுவா இருந்து விட்டுட்டா அந்தக் கை திரும்ப வராது."

அவர் வாசலில் இருந்த அந்தப் பலகையை ஒரு தரம் பார்த்தார். நான் வேனுக்குள் ஏறினேன். ஜன்னலோரம் அஞ்சலை உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். வலது கையைப் புடவைத் தலைப்பில் சுற்றியிருந்தார்.

"கையைக் காட்டுங்க."

காட்டினார். விரல் நுனிகள் தண்ணீரில் ஊறியதுபோல் வெளுத்திருந்தன, அவ்வளவுதான்.

"லைட்டா விறுவிறுன்னு கீது. வூட்டுக்குப் போயி எண்ண தடவிக்கிறேன். நீ எறங்கும்மா, எல்லாருக்கும் லேட்டாவுது."

"எண்ணெய்க்கெல்லாம் இது கேக்காது. இது மேல்தோலைச் சுட்டுட்டு விடற சமாச்சாரம் இல்ல அஞ்சலை. உள்ள எறங்கி எலும்பைப் புடிக்கும். இப்ப வந்தா கையைக் காப்பாத்திடலாம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சத்தம் போடாமல்தான் சொன்னார்.

"கை போனா ஒத்தக் கையில பாத்திரம் கழுவிப் பொழச்சிக்குவேன். கேட் பாஸ் போச்சின்னா வூடே போயிடும். ஆஸ்பத்திரின்னு போனவளுக்கு அந்தக் கான்ட்ராக்டரு மறுபடி பாஸ் போட்டு நான் பாத்ததில்ல."

வேனில் இருந்த பெண்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பாஸுக்கு நான் பொறுப்பு என்று சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஆனாலும் சொன்னேன். கோபமா பயமா தெரியாது, "பாஸுக்கு நான் ஆச்சு, எழுந்திரு" என்று அதட்டினேன். பக்கத்தில் இருந்த பெண் அவர் தோளைத் தட்டி, "போ அக்கா, இந்தம்மா வுட மாட்டாங்க" என்றாள். அஞ்சலை இறங்கினார்.

கம்பெனி வண்டி கேட்டால் கையெழுத்துகள் கேட்பார்கள். ஆட்டோ பிடித்தேன். நர்ஸ் ஓடிவந்து, வழியெல்லாம் கையில் ஊற்றிக்கொண்டே போகச் சொல்லித் தண்ணீர் பாட்டில்கள் கொடுத்தார். ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாக நின்றன. ஆட்டோ நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. அஞ்சலை ஆரம்பத்தில் லேட்டாகிறதே என்று புலம்பிக்கொண்டு வந்தார். பிறகு பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது. உள்ளார யாரோ ஆணி வெச்சி அடிக்கிற மாதிரி கீது."

வலி வந்துவிட்டது. நான் சொன்னது சரி என்று ஆகிவிட்டதே என்று ஆட்டோவில் உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. தப்பாக இருந்திருக்கக் கூடாதா என்றுதான் நினைத்தேன்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து மருத்துவமனையில் பணியில் இருந்தவர் ஒரு சிறு வயது டாக்டர்.

"என்ன பட்டுச்சு? கெமிக்கல் பேர் சொல்லுங்க."

"பேர் தெரியாது டாக்டர்."

அவர் முகம் சுருங்கியது. நான் வேலையைச் சொன்னேன். அலுமினியம், கறுப்புக் கறை, நுரை, புகை, வெள்ளை. இந்த வேலைக்கு எங்கள் இடத்தில் இதுவரை வந்த மூன்று சரக்கிலும் இந்த அமிலம்தான் இருந்தது என்று தாள்களை நீட்டினேன். அவர் மூன்றையும் நின்றபடியே படித்தார்.

"நாலாவதா, இது இல்லாத வேற ஒண்ணா இருக்க வாய்ப்பு இருக்கா?"

சரியான கேள்வி. "இருக்கு" என்றேன்.

அவர் மூத்த டாக்டருக்கு போன் செய்து பேசினார். வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இதுக்குக் கால்சியம் ஜெல் போடணும். நாம நினைச்சது தப்பா இருந்தாலும் அதனால கெடுதல் இல்ல. சரின்னா வலி குறையும். வலி குறையுதான்னு பார்த்துத்தான் நாம நினைச்சது சரியான்னே தெரியும்."

ஜெல் மருந்தாகக் கடையில் இல்லை. ஊசிக்கு வைத்திருந்த கால்சியம் குளுக்கோனேட்டை எடுத்து, ஸ்கேன் எடுக்கும்போது தடவுவார்களே அதுபோன்ற வழவழப்பான பசையில் கலந்தார்கள். அதை ஒரு அறுவைச் சிகிச்சைக் கையுறைக்குள் நிரப்பி, அஞ்சலையின் கையை உள்ளே நுழைத்து, வெளியிலிருந்து விரல் விரலாக நீவினார்கள். அஞ்சலை என் தோளைக் கடிக்காத குறை. நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கலவையை மாற்றினார்கள், திரும்ப நீவினார்கள், திரும்ப மாற்றினார்கள். அஞ்சலையின் இடது கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. அந்தப் பிடி கொஞ்சம் தளர்ந்ததை நான்தான் முதலில் உணர்ந்தேன்.

"கொறையுதும்மா" என்றார்.

டாக்டர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கை தப்பியது. ஆள்காட்டி விரலின் நுனியை மட்டும் எடுக்க வேண்டியிருந்தது. கேட் பாஸ் தப்பவில்லை. அஞ்சலை சொன்னபடியே கான்ட்ராக்டர் பாஸ் போடவில்லை. நான் மேனேஜர் மேனேஜராக ஏறி இறங்கினேன். அது கான்ட்ராக்டர் விஷயம் மேடம், நமக்குச் சம்பந்தமில்லை என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். வல்லக்கோட்டையில் அவர் வீட்டுக்கு ஒரு முறை போனேன். கட்டுப் போட்ட கையோடு வாசலுக்கு வந்தார். உள்ளே கூப்பிடவில்லை.

"கை கீது. தூக்கிக்கினு எங்கம்மா போவட்டும்?" என்றார். "பாஸுக்கு நான் ஆச்சுன்ன இல்ல."

அந்த வார்த்தை என்னை அறைந்தது. வரும் வழியெல்லாம் எனக்கு என்மேலும் கோபம், எல்லார்மேலும் கோபம்.

விபத்து அறிக்கை எழுதினார்கள். கையுறை கிழிந்திருந்தது என்பது கையுறை சரியாக அணியவில்லை என்று மாறியது. தலைப்பு, தொழிலாளியின் கவனக்குறைவு. கவனக்குறைவு என்ற பெயரில் ஒரு ஃபைலே இருந்தது. அதில் போட்டால் யாரும் திறக்க மாட்டார்கள். ஆனால் எந்த அறிக்கையும் எண் வாங்க நூலகத்துக்கு வந்தாக வேண்டும் என்பது விதி. அறிக்கையில் ஒரு சொல்லை மாற்ற எனக்கு உரிமை கிடையாது. அதை எங்கே வைப்பது என்பது மட்டும் என் கையில் இருந்தது. தலைப்பை நான் பொருட்படுத்தவில்லை. எது, எதனால், என்ன செய்தார்கள், எங்கே, எப்போது என்று கேட்டு எண் போட்டேன். அலுமினியம், கறை நீக்கல் என்ற அதே இடத்தில், அந்த மூன்று அட்டைகளுக்குப் பக்கத்தில், நான்காவதாகச் செருகினேன். யாரும் கவனிக்கவில்லை. நூலகர் போடும் எண்ணை யார் பார்க்கிறார்கள்.

இப்போது கணினியில் தேடும் பெட்டி இருக்கிறது, கேட்டால் உடனே சொல்கிறது என்கிறார்கள். எனக்கு அதனோடு சண்டை இல்லை, நானும் பயன்படுத்துகிறேன். சோப் ஆயில் என்று அடித்தால் சோப் ஆயிலைத்தான் அது கொண்டுவரும். என்ன கேட்பது என்று யோசிக்க வேண்டியது இப்போதும் நாம்தான்.

ஆடிட் தள்ளிப்போய் ஒரு வழியாக நடந்தது. ஆடிட்டர் நிதானமான மனிதர். மூன்றாவது ஷெட்டைப் பார்த்துவிட்டு நூலகத்துக்கு வந்தார். கூடவே தொழிற்சாலைத் தலைவர், தயாளன், இன்னும் சிலர்.

"அலுமினிய வார்ப்பைச் சுத்தம் பண்ற வேலை சம்பந்தமா உங்ககிட்ட இருக்கறதெல்லாம் பார்க்கணும்" என்றார்.

அட்டைகளைப் பார்த்துத் தாள்களை எடுத்தேன். மூன்றை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு நான்காவதன்மேல் கை வைத்தேன். தொழிற்சாலைத் தலைவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குப் புரிந்தது. மூன்றோடு நிறுத்தினால் யாருக்கும் தெரியாது. எனக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. நல்லபடியாகப் போய்ச் சேர வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. "எல்லாம்" என்று கேட்டிருக்கிறார். நான்காவதையும் எடுத்து வைத்தேன்.

ஆடிட்டர் அறிக்கையைப் படித்தார். மற்ற மூன்று தாள்களையும் புரட்டினார். திரும்ப அறிக்கைக்கு வந்தார்.

"இந்தப் பெண் இப்ப எங்க வேலை செய்றாங்க?"

நான் சொல்லத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் பின்னாலிருந்து தயாளன் பேசினார்.

"நிறுத்திட்டாங்க சார். வல்லக்கோட்டைல வூட்லதான் கீறாங்க." தலைவர் பக்கம் திரும்பாமல் மேலே சொன்னார். "கிளவுஸ் போட்டுக்கினுதான் இருந்தாங்க சார், கிழிஞ்ச கிளவுஸ். நாந்தான் அதைக் குடுத்து வேலைக்கு அனுப்பினேன். ஆஸ்பத்திரி வாணாம்னு கேட்டாண்ட தடுத்ததும் நாந்தான்."

தயாளன் தொலைந்தார் என்று நினைத்தேன். அவரை லைனிலிருந்து எடுத்து வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. கான்ட்ராக்டரை விலக்கினார்கள். கேன்களில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. அஞ்சலையைக் கூட்டிவரத் தயாளனே தன் பைக்கில் வல்லக்கோட்டைக்குப் போனார். ஸ்டோரில் கையுறைகளும் கண்ணாடிகளும் கொடுக்கும் இடத்தில் அஞ்சலைக்கு வேலை போட்டார்கள். கிழிந்த கையுறை அவர் கையிலிருந்து யாருக்கும் போகாது என்று கேள்விப்பட்டேன்.

அஞ்சலை நூலகத்துக்கு வந்தது அதற்கும் சில நாள் கழித்து, ஒரு சாப்பாட்டு நேரத்தில். செருப்பை வெளியே விடப்போனார், வேண்டாம் என்றேன். நன்றி சொல்ல வரவில்லை என்பது நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"என் கை சமாச்சாரம் இங்கதான் வெச்சிக்கினு கீறியாமே. தயாளன் சொன்னாரு. காட்டு."

இழுப்பறையைத் திறந்து நான்காவது அட்டையைக் காட்டினேன்.

"இன்னா எழுதிக்கீது? படி."

ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். அலுமினிய வார்ப்பு. ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம். கறை நீக்கல். மூன்றாவது ஷெட். ஒப்பந்தப் பெண் தொழிலாளி ஒருவருக்குக் கையில் காயம்.

அஞ்சலை அட்டையின் பக்கம் குனிந்தார்.

"கேன்ல இருந்த தண்ணி பேரு கூட கீது. ஷெட்டு பேரு கீது. ஒருத்திக்குக் காயம்னு சொல்றியே, அந்த ஒருத்தி யாரு? எம்பேரு எங்க?"

அறிக்கையில் அவர் பெயர் இல்லை. நான் எழுதிய அட்டையிலும் இல்லை. அத்தனை கேள்வி கேட்டு எழுதிய அட்டை அது. அதில் பெயர் எழுதும் வழக்கம் இல்லை என்று என்னவோ சொல்லத் தொடங்கினேன்.

"நீ எழுது" என்றார்.

பேனாவை எடுத்தேன். அட்டையின் தலையில், எண்ணுக்குப் பக்கத்தில், தமிழிலேயே எழுதினேன். அஞ்சலை, வல்லக்கோட்டை. அவருக்குத் தன் பெயரைப் படிக்கத் தெரியும். நுனி இல்லாத அந்த விரலை எழுத்தின் மேல் வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். சரியாக இருக்கிறது என்று தலையை ஆட்டினார். பிறகு இழுப்பறையைத் தன் வலது கையாலேயே உள்ளே தள்ளி மூடினார்.